தோள் கல்லாகிப் போனால்: விடுமுறைக் களைப்புக்குக் கேள்வி பதில்

விடுமுறை என்றால் வீட்டில் எல்லோருக்கும் ஓய்வு, ஒருவரைத் தவிர. அந்த ஒருவர்தான் அடுத்த வாரம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருவார். நான் இயன்முறை மருத்துவர். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரு டென்னிஸ் பந்து இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நாலு நாளாக வீடு நிறைய விருந்தாளிகள். சாயங்காலம் ஆனால் தோள்பட்டை கல் மாதிரி ஆகிவிடுகிறது. நானே பிடித்துவிட்டுக்கொள்ளலாமா?

தாராளமாக. முதலில் ஒன்று பாருங்கள்: இதைப் படிக்கும்போதே உங்கள் தோள்கள் காதுப் பக்கம் ஏறி நிற்கின்றனவா? அவசரமாக வேலை செய்யும்போது நமக்கே தெரியாமல் தோளைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். அப்படித் தூக்கிப் பிடிக்கும் தசைக்கு நாள் முழுக்க விடுப்பே கிடைப்பதில்லை.

உட்கார்ந்துகொள்ளுங்கள். வலது தோளுக்கு இடது கை. வலது கையை மடியில் தொய்வாகப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தசை இறுக்கத்திலேயே இருக்கும். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே சதை மேடாக இருக்கும். பிசைந்த மாவை அள்ளுவது போல அதை மொத்தமாகப் பிடியுங்கள். கிள்ளக் கூடாது. பிடித்தபடியே தலையை இடப்பக்கம் மெதுவாகச் சாய்த்து மூச்சை வெளியே விடுங்கள். பத்து எண்ணியதும் கையை எடுத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி அடுத்த இடம். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும்.

எவ்வளவு அழுத்துவது? வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் ஐந்தைத் தாண்டக் கூடாது. பல்லைக் கடித்து மூச்சை அடக்குகிறீர்கள் என்றால் அழுத்தம் அதிகம். நசுக்கினால்தான் பலன் என்று நம்புகிறவர்கள் மறுநாள் கன்றிப்போன தோளோடு வந்து நிற்கிறார்கள். அப்புறம், கழுத்தின் முன்பக்கத்தில் நாடி துடிக்கும் இடத்தைத் தொடவே வேண்டாம். மூளைக்கு ரத்தம் போகும் குழாய் அங்கே ஓடுகிறது.

கேள்வி: முதுகு நடுவில் வலிக்கிறது. கை எட்டவில்லையே?

அதற்குத்தான் பந்து. சுவரில் சாய்ந்து, முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் இடையில் பந்தை வைத்து, முழங்காலை லேசாக மடக்கி நீட்டுங்கள். பந்து மேலும் கீழும் உருளும். முதுகெலும்பின் மேல் ஏற விடாதீர்கள். பந்து நழுவிக்கொண்டே இருந்தால் பழைய காலுறைக்குள் போட்டு, நுனியைத் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: தலையைச் சுற்றிக் கயிறு கட்டியது போல வலி. நெற்றியைத் தேய்த்தும் போகவில்லை.

நெற்றியை விடுங்கள், தாடையைப் பாருங்கள். நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்தால் உள்ளே தசை புடைப்பது தெரியும். மெல்லுவதற்கான தசை அதுவரை போகிறது. எரிச்சலை வெளியே காட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்துப் பேசும் நாட்களில் அது ஓயாமல் வேலை செய்கிறது.

வாயை லேசாகத் திறந்து, கன்ன எலும்புக்குக் கீழே இரண்டு விரலால் சிறு வட்டமாக அரை நிமிடம் நீவுங்கள். பிறகு நெற்றிப்பொட்டு. கடைசியாக, பிடரியில் மண்டை எலும்பு முடியும் பள்ளத்தில் இரு கட்டைவிரல்களையும் வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து அப்படியே இருங்கள். மற்ற நேரத்தில் உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றை ஒன்று தொடாமல் இருக்கட்டும்.

திடீரென்று இடி விழுந்தது போல வந்த தலைவலி, காய்ச்சலும் கழுத்து விறைப்புமாக வந்த தலைவலி, பேச்சுக் குழறலோடு வந்த தலைவலி, இவற்றுக்கெல்லாம் நீவிவிடுவது வைத்தியம் இல்லை. உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: எந்தத் தைலம் நல்லது?

எதுவானாலும் சரி. கை வழுக்கிப் போவதற்குத்தான் எண்ணெய். காட்டமான தைலம் கண் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறு மணி நேரம் காரில் வந்தோம். கெண்டைக்கால் வலிக்கிறது, உருவிவிடலாமா?

இரண்டு காலும் ஒரே மாதிரி சோர்ந்திருந்தால் உருவிவிடலாம். குதிகாலிலிருந்து முழங்காலை நோக்கி, மேல்முகமாக. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து வலித்தால் கையே வைக்காதீர்கள். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்ததால் ரத்தம் உள்ளே கட்டியிருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கு ஆபத்து. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். வெந்நீரில் கால் வைக்கலாமா?

பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துவிடும். காய்ந்த துணியால் துடைத்து, புண் ஏதும் இல்லையென்றால் கையால் மென்மையாக நீவிவிடுங்கள்.

கேள்வி: படுத்தால் நாளைக்குச் செய்ய வேண்டியதெல்லாம் வரிசையாக வருகிறது. தூக்கம் வருவதில்லை.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920களிலேயே முன்வைத்த முறை ஒன்று உண்டு. தசை தளர்ந்தால் மனமும் தளரும் என்பது அவர் கணக்கு. இன்று பரவலாகச் சொல்லித்தரும் வடிவம் இது: பாதத்தை ஐந்து விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, இருபது விநாடி அந்தத் தளர்வைக் கவனிப்பது. அப்புறம் கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என்று மேலே வருவது. பலர் தோளுக்கு வருவதற்குள்ளேயே தூங்கிவிடுகிறார்கள்.

அதற்கும் பொறுமை இல்லையா? நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் போதும். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. அதனால்தான் விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும்.

கேள்வி: என் மனைவிதான் எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்கிறார். நான் தோளைப் பிடித்துவிடலாமா?

கண்டிப்பாக. ஆனால் பாத்திரங்களை முதலில் கழுவி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தோள் உங்கள் கையில் இருக்கும், மனம் அடுப்படியில் இருக்கும். அழுத்தம் போதுமா என்று அவரையே கேட்டுக்கொண்டு பிடியுங்கள். நெட்டி முறிக்கிறேன் என்று கழுத்தைப் பிடித்துத் திருப்பிவிட மட்டும் வேண்டாம்.