மூவாயிரம் சொல் புத்தகத்தை மூடி வையுங்கள் அம்மா

மகள் பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள், அடுத்த வருடம் டிசம்பரில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதித் திருச்சியிலோ பெங்களூரிலோ சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள், பத்தாவது வரை தமிழ் மீடியம் என்பதால் ஆங்கிலம்தான் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூவாயிரம் கடினச் சொற்கள் உள்ள புத்தகம் ஒன்றை வாங்கித் தினம் இருபது மனப்பாடம் செய்ய வைக்கிறீர்களாம். முதலில் அதை நிறுத்துங்கள்.

அந்தத் தேர்வில் 120 கேள்விகள், 2 மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். ஆங்கிலத்துக்கு 22 முதல் 26 கேள்விகள்; ஏறக்குறைய 450 சொற்கள் கொண்ட பத்தியைக் கொடுத்து அதிலிருந்து கேட்பார்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாலும் அந்த இடத்தில் அது என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி. சட்டம், பொது அறிவுப் பகுதிகளும் பத்திகள்தான். எனவே அவளுக்கு வேண்டியது சரளமாகப் படிக்கும் பழக்கம். சொற்கள் அதோடு சேர்ந்து வர வேண்டும்.

தினம் ஓர் ஆங்கிலத் தலையங்கம். ஆரம்பத்தில் பாதி போதும். தெரியாத சொல் எல்லாவற்றுக்கும் அகராதியைப் புரட்டினால் மூன்றாம் நாளே அலுத்துவிடும். அர்த்தத்தை மறிக்கிற சொல், இரண்டாம் முறை எதிர்ப்படுகிற சொல் என ஐந்தை மட்டும் நோட்டில் எழுதட்டும்.

எப்படி எழுதுவது? 'அப்ஹோல்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம்-தமிழ் அகராதி 'தாங்கிப் பிடி' என்று சொல்லும். ஆனால் செய்தியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை 'அப்ஹெல்ட்' என்றால், கீழ் நீதிமன்றம் சொன்னது சரி என்று உறுதி செய்தது என்று பொருள். அவள் அந்தச் செய்தி வரியை அப்படியே எழுத வேண்டும். பக்கத்தில் எதிர்ப்பொருளாக 'ஓவர்டர்ன்' (மாற்றுவது), 'குவாஷ்' (ரத்து செய்வது). கீழே சொந்தமாக ஒரு வாக்கியம். இதற்கு ஐந்து நிமிடம் ஆகும், ஆகட்டும். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து அர்த்தத்தை மறைத்துவிட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். மறந்த சொல் மறுபடி முதல் நாளுக்குப் போகும்.

வேர்ச்சொல்லும் கொஞ்சம் உதவும். 'மல்' என்றால் கெட்டது என்று தெரிந்தால் மல்நியூட்ரிஷன், மல்பிராக்டிஸ், சட்டத்தில் கெட்ட நோக்கத்தைக் குறிக்கும் மாலா ஃபிடே எல்லாம் பிடிபடும். ஆனால் இதையே நம்ப வேண்டாம். சில சொற்கள் ஏமாற்றும்.

பட்டியல் இருந்தால்தான் உங்களுக்கு நிம்மதி என்றால், மொழி ஆய்வாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 570 சொற்குடும்பங்கள்தான்; ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். சிக்னிஃபிகன்ட், டெரைவ், கான்ஸ்டிட்யூட் போன்றவை. பார்க்க எளிமையாகத் தெரியும், ஆனால் கல்லூரிப் பாடநூல்களில் திரும்பத் திரும்ப வருபவை இவைதான். இவளுடைய பொருளியல் புத்தகத்திலேயே நிறைய இருக்கும். சொல்லின் பயன்பாட்டைப் பார்க்க ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியும் இணையத்தில் இலவசம்.

எனக்கு ஆங்கிலம் தெரியாதே, நான் எப்படி உதவுவது என்று கேட்டிருந்தீர்கள். ராத்திரி சாப்பிடும்போது அன்றைய தலையங்கம் என்ன சொல்கிறது என்று தமிழிலேயே கேளுங்கள். கோவையாகச் சொன்னால் புரிந்து படித்திருக்கிறாள். திக்கினால் எந்த வரியில் என்று கேளுங்கள். மறுநாள் நோட்டுக்கான சொல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மாதிரித் தேர்வு, கோச்சிங் பற்றியெல்லாம் காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு பேசுவோம்.