ரவை டப்பாவில் எலிப்புழுக்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நகரத்து எலிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை எலியின் வயிற்றுப் புழுக்களைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

கேள்வி: ரவையை எடுத்து உப்புமா கிளறிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த பிறகுதான், டப்பாவின் அடியில் எலிப்புழுக்கையும் சிறு வண்டுகளும் கிடப்பதைப் பார்த்தேன். பிள்ளைகள் வயிற்றில் புழு வந்துவிடுமா? (வாசகி, பெரம்பூர்)

கொதிநீரில் வெந்த உணவு என்பதால் வராது. ஆனால் புழுக்கையைக் கண்டு பதறிய நீங்கள் வண்டைப் பேச்சோடு பேச்சாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நாடாப்புழுவைப் பொறுத்தவரை நான் வண்டுக்கே முதலிடம் தருவேன்.

நகரத்து எலிகளின் சிறுகுடலில் பரவலாக வாழும் ஹைமெனோலெபிஸ் டிமினூட்டா என்னும் எலி நாடாப்புழுவின் முட்டைகள் புழுக்கையோடு வெளியேறுகின்றன. அந்த முட்டையை இன்னோர் எலியோ மனிதரோ நேரடியாக விழுங்கினால் புழு வளர்வதில்லை. மாவிலும் ரவையிலும் மேயும் செந்நிற மாவு வண்டோ, எலி வளையில் திரியும் தெள்ளுப்பூச்சியின் இளம்புழுவோ அதை முதலில் தின்றாக வேண்டும். வண்டின் உடலுக்குள் முட்டை பொரிந்து, நம் ஊரைப் போன்ற வெப்பத்தில் ஏறத்தாழ 10 நாள்களில், கண்ணுக்குப் புலப்படாத ஒரு பைபோன்ற பருவத்தை அடைந்து அங்கேயே காத்திருக்கிறது. அந்த வண்டை எலி தின்றாலோ, அறியாமல் ஒரு குழந்தை மென்றாலோதான் அது குடலில் பற்றிக்கொண்டு நாடாப்புழுவாக நீளும். மனிதரிடம் இது அரிதாகவும், அப்படிக் காணப்படும்போது பெரும்பாலும் குழந்தைகளிடமும் இருப்பதற்குக் காரணம் இதுவே. நாம் மாவைச் சலித்து, வேகவைத்து உண்கிறோம். குழந்தைகளோ ஊறவைத்த அரிசியை ஒரு பிடி அள்ளி மெல்லுகிறார்கள், பொட்டுக்கடலையை டப்பாவிலிருந்தே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். கவனம் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

அந்த ரவையைச் சலித்துப் பயன்படுத்தலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். வேண்டாம், கொட்டிவிடுங்கள். புழுக்கையில் புழு முட்டை மட்டும் இருப்பதில்லை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களும் இருக்கக்கூடும். அலமாரியில் கிடக்கும் புழுக்கையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல், கிருமிநாசினி தெளித்து நனைத்து, சற்றுப் பொறுத்துப் பழந்துணியால் வழித்தெடுங்கள்.

கேள்வி: விடுதிக்குப் பின்னால் பொறியில் சிக்கிய எலியை எங்கள் ஆசிரியர் அறுத்துக் காட்டியபோது, குடலுக்குள் நீளமான வெள்ளை நாடா ஒன்று இருந்தது. எலியோ நன்றாகக் கொழுத்திருந்தது. இது எப்படி? (விலங்கியல் மாணவர், திருச்சி)

நீங்கள் கண்டது மேலே சொன்ன எலி நாடாப்புழுவாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அது 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை நீளும். ஒரு முனை நூலாக மெலிந்து போவதைக் கவனித்திருப்பீர்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய அதன் தலை அங்கேதான் இருக்கிறது. அதில் நான்கு உறிஞ்சிகள் உண்டு, கொக்கிகள் இல்லை. மறுமுனையை நோக்கிச் செல்லச் செல்ல உடலின் கண்டங்கள் (துண்டுகள்) அகன்று, முட்டைகளால் நிரம்பி, ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. அதற்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. எலி செரித்து வைத்த உணவைத் தோலாலேயே உறிஞ்சிக்கொள்கிறது.

இந்தப் புழுவிடம் எனக்கு வியப்பூட்டுவது அதன் நடமாட்டம். எலி இரவில் உண்ணும் பிராணி. இரவில் உணவு இறங்கும் வேளையில் புழு சிறுகுடலின் முன்பகுதிக்கு நகர்ந்து வருகிறது. பகலில் பின்னோக்கிச் சென்றுவிடுகிறது. ஆய்வகத்தில் எலிக்குப் பகலில் மட்டும் தீனி வைத்துப் பார்த்தபோது, புழுவும் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. பந்திக்கு இலை போடும் நேரம் அறிந்து வந்து உட்காரும் விருந்தாளி என்றே சொல்லலாம்.

எலி கொழுத்திருந்ததற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. ஒன்றிரண்டு நாடாப்புழுக்கள், தீனிக்குக் குறைவில்லாத எலிக்குப் பெரிய கேடு செய்வதில்லை. ஒரே குடலில் பல புழுக்கள் சேர்ந்தால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகிறதே தவிர, அதற்கேற்ப எலியை உறிஞ்சித் தீர்த்துவிடுவதில்லை. எலி செத்தால் தானும் சாக வேண்டிய உயிரினம் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாமல் இருப்பது அதற்கே நல்லது. கிளார்க் ரீட் என்ற அமெரிக்க ஒட்டுண்ணியியல் அறிஞர், எலி மூப்படையும் முன் புழுவை எடுத்து அறுவைமுறையில் இளம் எலிக்கு மாற்றி, மீண்டும் மாற்றி, 14 ஆண்டுகள் அதை உயிரோடு வைத்திருந்ததை 1967இல் வெளியிட்டார். ஆய்வகத்து எலியின் ஆயுளே இரண்டு மூன்று ஆண்டுகள்தான்.

இன்னொரு முறை அறுக்கும்போது கல்லீரலையும் பாருங்கள். பட்டாணி அளவில் வெண்கொப்புளம் தெரிந்தால் அது பூனை நாடாப்புழுவின் இளம்பருவம். அந்தக் கொப்புளத்தோடு எலியைப் பூனை தின்னும்போதுதான் புழு முழுமையடைகிறது. அவ்வகையில் எலியின் உடலைத் திறந்தால், அது எதைத் தின்றது என்பதோடு, அதை யார் தின்னக் காத்திருந்தார்கள் என்பதும் தெரிந்துவிடுகிறது. கையுறை இல்லாமல் அறுக்க வேண்டாம்.

கேள்வி: பள்ளியில் பிப்ரவரி மாதம் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரை எலிப் புழுக்களையும் கொல்லுமா? (வாசகர், சேலம்)

அந்த மாத்திரையின் குறி வேறு. 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 10 அன்று சில மாநிலங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்கு அளிக்கப்படும் அல்பெண்டசோல், மண்வழிப் பரவும் உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகியவற்றுக்காகத் தரப்படுவது. இவை மனிதக் கழிவிலிருந்து மனிதருக்கு வருபவை. எலிக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. நாடாப்புழு என்றால் பெரும்பாலும் பிராசிகுவாண்டெல் என்ற மருந்தைத்தான் மருத்துவர் தருவார், அதுவும் மலப் பரிசோதனையில் முட்டையைக் கண்ட பிறகு.

எலியோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு நாடாப்புழுவைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஹைமெனோலெபிஸ் நானா என்னும் குறு நாடாப்புழு 4 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. 1851இல் கெய்ரோவில் ஒரு சிறுவனின் குடலில் தியோடர் பில்ஹார்ஸ் இதை முதலில் கண்டார். மனிதரிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நாடாப்புழு இதுவே. வண்டு இல்லாமலும் இது வாழும். முட்டை வெளிவந்த உடனேயே தொற்றும் திறன் கொண்டது. ஒரே குடலுக்குள்ளேயே பொரிந்து பெருகவும் வல்லது. எலியிடமும் சுண்டெலியிடமும் இதே போன்ற புழு இருப்பதால் பழியை நெடுங்காலம் எலி சுமந்தது. ஆனால் மனிதரிடமிருந்து எடுத்த முட்டைகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றில் முதிர்ந்த புழுக்கள் வளரவில்லை. பெரும்பாலான தொற்று ஒரு குழந்தையின் கழுவாத கையிலிருந்து இன்னொரு குழந்தையின் வாய்க்குச் செல்வதுதான் என்பது என் கருத்தும்கூட.

கேள்வி: கரப்பான்பூச்சிக்கும் எலிப் புழுவுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே? (வாசகர், கோவை)

உண்டு. எலியின் சிறுகுடல் சுவரில் முட்கள் நிறைந்த மூக்கைக் குத்தி ஒட்டிக்கொள்ளும் மோனிலிஃபார்மிஸ் என்ற முள்தலைப்புழுவின் இளம்பருவம் கரப்பானுக்குள் வளர்கிறது. 1888ஆம் ஆண்டு வாக்கில் சிசிலியைச் சேர்ந்த கலந்துருச்சியோ இந்த இளம்பருவங்களைத் தாமே விழுங்கிப் பார்த்தார். வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, காதில் இரைச்சல் என்று அவதிப்பட்டார். அறிவியலுக்காக என்றாலும் பின்பற்றத்தக்க வழி அன்று.

கரப்பானும் எலியும் சேர்ந்து ஒரு நோபல் பரிசையே தடம் புரளச் செய்திருக்கின்றன. டென்மார்க்கின் யோஹான்னஸ் ஃபிபிகர், கோபன்ஹேகன் நகரத்துச் சர்க்கரை ஆலை ஒன்றின் எலிகளின் இரைப்பையில் ஓர் உருளைப்புழுவைக் கண்டார். ஆலையில் மலிந்திருந்த கரப்பான்களைத் தின்றதால் எலிகளுக்கு அந்தப் புழு வந்தது என்று அவர் கண்டுபிடித்தது சரி. அந்தப் புழு புற்றுநோயை உண்டாக்குகிறது என்று முடிவு கட்டியதுதான் தவறு. அதற்காகவே அவருக்கு 1926ஆம் ஆண்டுக்கான பரிசும் கிடைத்தது. எலிகளின் தீனியில் வைட்டமின் ஏ குறைந்ததே அந்த இரைப்பை மாற்றங்களுக்கு முதன்மைக் காரணம் என்பதும், அவை உண்மையான புற்றுநோய் அல்ல என்பதும் பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தன.

கேள்வி: மாடித் தோட்டத்தில் நத்தைகள் பெருகிவிட்டன. எலியும் வருகிறது. கீரையை உண்ணலாமா? (வாசகி, புதுச்சேரி)

கழுவி, வேகவைத்து உண்ணுங்கள், பச்சையாக வேண்டாம். எலி நுரையீரல் புழு என்று ஒன்று உண்டு. அது எலியின் நுரையீரல் இரத்தக்குழாய்களில் வாழ்கிறது. அதன் இளம்புழுக்கள் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடல் வழியாகப் புழுக்கையில் வெளியேறி நத்தைக்குள் புகுகின்றன. இளம்புழுக்கள் நிறைந்த நத்தையைப் பச்சையாகத் தின்றாலோ, கீரை இடுக்கில் இருக்கும் குட்டி நத்தையையோ, ஓடில்லா நத்தையான இலையட்டையையோ அறியாமல் மென்றுவிட்டாலோ, அவை மனிதரின் மூளையுறையைத் தாக்கிக் கடும் தலைவலியை உண்டாக்கக்கூடும். கேரளத்தில் உடும்பின் பச்சை இறைச்சியை உண்டவர்களிடமும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. நத்தையைப் பிடிக்கும்போது கையுறை அணியுங்கள். பிடித்தவற்றை உப்புநீரில் போட்டு அழியுங்கள்.

கேள்வி: எலிக்காய்ச்சல் என்பதும் இந்தப் புழுக்களால் வருவதா? (வாசகர், ஆவடி)

இல்லை. அது லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியாவால் வருவது. எலியின் சிறுநீரகத்தில் தங்கிச் சிறுநீரில் வெளியேறி, மழைக்காலத்தில் தேங்கிய நீர் வழியாகக் காலில் உள்ள கீறலில் நுழைகிறது. குடற்புழு மாத்திரை அதற்கு உதவாது. தேங்கிய நீரில் நடந்த சில நாள்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் வந்தால், நடந்த செய்தியையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.