ஐபி முகவரியை கம்ப்யூட்டர் எங்கே எழுதி வைக்கிறது? – கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கம்ப்யூட்டரை அடையாளம் காட்டும் எண்) முதலான நெட்வொர்க் செட்டிங் பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அம்பாசமுத்திரம், ஜெராக்ஸ் கடைக்காரர்: அண்ணாச்சி, இடி விழுந்து லேன் கார்டு போய்விட்டது. புதுசுக்குப் பழைய ஐபியைக் கொடுத்தால், "வேறு அடாப்டருக்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது" என்கிறது விண்டோஸ். அந்தக் கார்டு குப்பையில் கிடக்கிறதே?

கார்டுதான் போயிருக்கிறது, அதன் கணக்கு அப்படியே இருக்கிறது. விண்டோஸ் இதையெல்லாம் ரெஜிஸ்ட்ரியில், அதாவது தன் செட்டிங்குகளின் பதிவேட்டில், வைக்கிறது. நெட்வொர்க் தொடர்பைக் கவனிக்கும் டிசிபிஐபி சர்வீசின் கீழே இன்டர்ஃபேசஸ் என்று ஓர் இடம். அங்கே ஒவ்வொரு அடாப்டருக்கும், அதாவது நெட்வொர்க் கார்டுக்கும், நீளமான அடையாள எண்ணில் தனி கீ (பதிவுக்கான இடம்) உண்டு. கையால் போட்ட ஐபி, சப்நெட் மாஸ்க் (ஐபியில் நெட்வொர்க் பகுதி எது என்று காட்டுவது), கேட்வே (வெளியே போகும் வழி), டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி சொல்லும் சர்வர்) எல்லாம் அதற்குள். கார்டைக் கழற்றினாலும் கீ அழியாது. பழையதன் ஐபியை நீக்கவா என்று அந்தச் செய்தியே கேட்டால் ஆம் கொடுங்கள். இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் பழைய கார்டை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியில் நேராகக் கை வைக்காதீர்கள்.

மேலப்பாளையம்: ரூட்டர் ஒரு டிஎன்எஸ் தருகிறது, நான் கையால் வேறொன்று போட்டிருக்கிறேன். விண்டோஸ் எதை எடுக்கும்?

நீங்கள் போட்டதைத்தான். இரண்டும் மேலே சொன்ன அதே ரெஜிஸ்ட்ரி கீயில் தனித்தனிப் பெயரில் இருக்கும். உங்களுடையதை அழித்தால் ரூட்டர் தந்தது வந்துவிடும்.

வள்ளியூர், கல்லூரி மாணவர்: அண்ணே, உபுண்டு லினக்ஸில் ரிசால்வ் டாட் கான்ஃப் ஃபைலில் டிஎன்எஸ் மாற்றினேன். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி 127.0.0.53 வந்து நிற்கிறது!

தம்பி, ரேஷன் கடைப் பலகையில் நீ போய் "பாமாயில் உண்டு" என்று எழுதினால் சரக்கு வந்துவிடுமா? இந்த ஃபைலும் பலகைதான். சிஸ்டம்டி ரிசால்வ்டு என்ற சர்வீஸ் தானே எழுதி வைப்பது அது. 127.0.0.53 என்பது உன் கம்ப்யூட்டருக்குள்ளேயே அந்த சர்வீஸ் இருக்கும் முகவரி. ஈடிசி ஃபோல்டரில் அந்தப் பெயரில் இருப்பதே வெறும் லிங்க். லினக்ஸில் எந்த ஃபைலைத் தொடுவதற்கு முன்பும், இதை எழுதுகிற புரோகிராம் எது என்று பார். டெஸ்க்டாப் என்றால் நெட்வொர்க் மேனேஜரின் செட்டிங்கில் மாற்று. சர்வர் என்றால் ஈடிசிக்குள் நெட்பிளான் ஃபோல்டரில் யாமல் என்ற வகை செட்டிங் ஃபைல் இருக்கும். உபுண்டு 17.10 பதிப்பிலிருந்து அப்படித்தான். அதில் இடைவெளி ஒன்று பிசகினாலும் திட்டும். அப்புறம், டெர்மினலில் ஐபி கமாண்ட் அடித்துச் சேர்க்கும் முகவரி சிஸ்டத்தின் மையமான கெர்னலின் நினைவில் மட்டும் நிற்பது. மெஷினை அணைத்தால் போயே போச்சு.

தென்காசி, ஆசிரியை: பழைய விண்டோஸ் லேப்டாப்பை விற்கப் போகிறேன். வைஃபை பாஸ்வேர்டு அதில் இருக்குமா அண்ணாச்சி?

இருக்கும் டீச்சர். ஒவ்வொரு வைஃபைக்கும் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைலாக, புரோகிராம் டேட்டா ஃபோல்டருக்குள். பாஸ்வேர்டு மறையாக்கம் செய்துதான் இருக்கும், ஆனால் அட்மின் உரிமை உள்ளவர் ஒரே கமாண்டில் படித்துவிடலாம். எல்லாவற்றையும் நீக்கும்படி ரீசெட் செய்து கொடுங்கள். வாங்குபவர் பக்கத்து வீட்டுக்காரர் என்றால், ரூட்டர் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.