உப்புக் காற்றில் தேயிலைப் பேணிகள்: எதில் தேயிலை, எது பார்வைக்கு?

கேள்வி: எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில், கடலுக்குக் கிட்ட. அம்மம்மா விட்டுப்போன பழைய தகரப் பேணி ஒன்று, லண்டனில் இருந்து சொந்தக்காரர் கொண்டு வந்த படம் போட்ட பேணிகள் எட்டு, நுவரெலியாவில் வாங்கிய மரப்பெட்டி ஒன்று என்று பத்துச் சேர்ந்துவிட்டது. குசினித் தட்டில் அடுக்கி, அவற்றிலேயே தேயிலையும் போட்டு வைக்க விருப்பம். ஆனால் இரண்டின் மூடி விளிம்பில் கறள் பிடிக்கிறது. ஒன்றில் போட்ட தேயிலை பழசு மணக்கிறது. அம்மம்மாவின் பேணிக்கு எத்தனை வயது இருக்கும்?

பதில்: பத்திலும் தேயிலை போட வேண்டாம். நன்றாக மூடும் இரண்டைத் தெரிந்து அன்றாடப் பாவனைக்கு வையுங்கள். மிச்சம் எட்டும் பார்வைக்கு. தொழிற்சாலையில் காய்ந்து வெளிவரும் தேயிலையில் ஈரம் கிட்டத்தட்ட 3 வீதம்தான். திறந்து கிடந்தால் காற்றில் உள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொண்டே போகும். பத்துப் பேணியில் பிரித்துப் போட்டால், பத்தாவதைத் தொடுவதற்குள் அது ஈரம் ஏறி மணமிழந்துவிடும்.

எந்த இரண்டு என்பதைப் படம் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், மூடியைப் பாருங்கள். மூடிக்குக் கீழே அழுத்திப் போடும் உள்மூடியும் உள்ள பேணிதான் எங்கள் ஊருக்குச் சரி. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன ரோச் லைற்றை எரியவிட்டுப் பேணிக்குள் வைத்து மூடுங்கள். விளிம்பிலோ பக்கப் பொருத்திலோ அடிமூலையிலோ வெளிச்சம் கசிந்தால் அந்த வழியால் ஈரமும் போகும். வெளிச்சம் தெரியாவிட்டால், ஒரு விரல் அகலக் கடதாசித் துண்டை மூடியில் அகப்படுத்தி இழுத்துப் பாருங்கள். சுற்றிவர நாலு இடத்திலும் இறுக்கமாக வரவேண்டும். ஓரிடத்தில் வழுக்கி வந்தால் மூடி நெளிந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டாம். மடித்த பொருத்துக்குள் போன தண்ணீர் காயாது, உள்ளிருந்தே கறளாகும்.

கறள் ஏன் மூடி விளிம்பில் தொடங்குகிறது? பேணித் தகரம் என்பது மெல்லிய உருக்குத் தகடு. அதன்மேல் வெள்ளீயப் பூச்சு, அதன்மேல் வர்ண அச்சு, கடைசியாக வார்னிஷ். வாளிகளுக்குப் பூசும் துத்தநாகம் தான் அரிபட்டு உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கும். வெள்ளீயம் அப்படியல்ல. ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் அரிபடுவது இரும்புதான், அதுவும் வெறும் தகட்டைவிட வேகமாக. விளிம்பில் தகடு வெட்டுப்பட்ட முனை இருக்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தகரமும் தகரமும் உரசுகின்றன. கடற்காற்றின் உப்பு அங்கே படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. இதனால்தான் கடலுக்குத் தூரத்தில் பல வருஷம் நன்றாகக் கிடந்த பேணி குருநகரிலோ கொழும்புத்துறையிலோ கெதியில் பழுதாகிவிடுகிறது.

லண்டன் பேணிகளின் விளிம்புக் கறளை மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால், ஈரம் படாமல், அச்சில்லாத ஓரத்தில் மட்டும் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம். பிறகு உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். அச்சுப் பகுதி அழுக்காக இருந்தால், அடிப்பக்கத்தில் ஒரு மூலையை முதலில் சோதியுங்கள்: ஒரு கோப்பை தண்ணீரில் இரண்டு துளி பாத்திரம் கழுவும் சவர்க்காரத் திரவம், அதில் தொட்டுப் பிழிந்த பஞ்சு. பஞ்சில் நிறம் ஏறினால் நிறுத்திவிடுங்கள். ஏறாவிட்டால் சிறிது சிறிதாகத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். கடைசியில் தேய்ப்புத்தூள் கலக்காத கார் மெழுகை வெளிப்புறத்தில் மட்டும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படையாகப் பூசி, பத்து நிமிடம் விட்டுத் துணியால் மினுக்குங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்க முன் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை பூசினால் போதும்.

எங்கள் வீடுகளில் வழமையாக நடக்கும் பிழைகளும் உண்டு. தேங்காயெண்ணெய் பூசினால் நாள்படச் சிக்கு மணக்கும், தூசியும் ஒட்டும். மண்ணெண்ணெய் மணம் பொருத்துகளில் நின்றுவிடும். தேசிக்காய், வினாகிரி இரண்டும் கறளோடு சேர்த்து வெள்ளீயத்தையும் தின்னும்.

பழசு மணக்கும் பேணிக்குள் கறள் இருந்தால் அதைப் பார்வைக்கு ஒதுக்குங்கள். கறள் இல்லையென்றால், ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடா வைத்து மூன்று நாள் மூடிவிடுங்கள். பிறகு ஒரு கரண்டி புதுத் தேயிலையை உள்ளே போட்டு இரண்டு நாள் வைத்து, அதையும் பைக்கற்றில் இருக்கும் அதே தேயிலையையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள். தேயிலை ருசி பார்ப்பதற்கான அனைத்துலக அளவு 100 மில்லி லீற்றர் கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம். பால், சீனி வேண்டாம், பனங்கட்டியும் கடிக்க வேண்டாம். வித்தியாசம் நாக்கில் தெரிந்தால் அந்தப் பேணியில் இனித் தேயிலை போடக்கூடாது. ஒருமுறை கறித்தூள் போட்டு வைத்த பேணி என்றால் சோதனையே தேவையில்லை. வறுத்து இடித்த எங்கள் தூளின் மணம் பொருத்துக்குள் ஏறினால் போகாது.

அம்மம்மாவின் பேணிக்குத் தனிக் கவனம் வேண்டும். பழைய பேணிகளின் பொருத்துகளை ஈயம் கலந்த பற்றாசால் ஒட்டினார்கள். பழைய வர்ணங்களிலும் ஈயம் இருக்கக்கூடும். உள்ளே சாம்பல் நிற, சற்றுத் தடித்த கோடாகப் பற்றாசு தெரிந்தால் தேயிலை நேரே படவே கூடாது. அதைச் சுரண்டவும் வேண்டாம், இரும்புப் பஞ்சும் வேண்டாம். மெழுகு மட்டும்.

நுவரெலியா மரப்பெட்டி வேறு வகை. இப்போது விற்கும் பெட்டிகளில் தேயிலை வெள்ளித்தாள் பைக்கற்றில்தான் வரும். பெட்டி வெறும் உறை. தேயிலையைப் பைக்கற்றோடேயே வையுங்கள். இனிமேல் யாராவது ‘பழங்காலத்துப் பெட்டி’ என்று விற்க வந்தால், உள்ளே சாம்பல் நிற மெல்லிய தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கடதாசியால் துடைத்துக் கரிக்கோடு விழுந்தால் அது ஈயமாக இருக்கலாம். இங்கிலாந்தில் தேயிலைக்கு 100 வீதத்துக்கு மேல் வரி இருந்த காலத்தில், 1784க்கு முன்னர், வீட்டுக்காரர் பூட்டும் திறப்புமாகப் பெட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டிகளை ஆங்கிலத்தில் அழைக்கும் ‘கடி’ (caddy) என்ற பெயர், சுமார் 600 கிராம் கொண்ட ‘கத்தி’ (kati) என்ற மலாய் நிறையிலிருந்து வந்தது. அழகான சாமான்தான், ஆனால் அலுமாரிக்குரியது.

அடுக்கும் தட்டு அடுப்புக்கு மேலே இருக்கக்கூடாது. நீராவியும் எண்ணெய்ப் புகையும் நேரே அங்கேதான் போகும். வெளிச்சுவரோடு ஒட்டவும் வேண்டாம், மழைக்குச் சுவர் ஈரிக்கும்; இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அடியில் துணி விரித்தால் ஈரம் தங்கி வட்டமாகக் கறள் பிடிக்கும். நாலு சின்ன இறப்பர்ப் பொட்டு ஒட்டுங்கள். வெறும் பேணிகளுக்குள் லீற்றருக்கு 5 கிராம் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறும் வகை நல்லது, அதிலும் செம்மஞ்சள் நிறத்தது.

வயதைக் கணிக்க, பேணியில் உள்ள விலாசத்தைப் படியுங்கள். விலாசத்தில் நாட்டின் பெயர் ‘சிலோன்’ என்றிருந்தால் அநேகமாக 1972 மே மாதத்துக்கு முந்தியது, ‘ஸ்ரீலங்கா’ என்றால் பிந்தியது. ‘சிலோன் ரீ’ என்ற சொல்லை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த வணிகப் பெயர் இன்றைக்கும் பாவனையில் இருக்கிறது. நிறை இறாத்தலிலும் அவுன்சிலும் மட்டும் இருந்தால் பழமைக்கு இன்னொரு சாட்சி. பட்டைக்குறியீடு இருந்தால், படம் எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும், பேணி 1970களின் நடுப்பகுதிக்குப் பிந்தியதுதான். அடிப்பக்கத்தையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். தகரத்தில் அச்சடித்த நிறுவனத்தின் பெயர் அங்கே மிகச் சின்ன எழுத்தில் இருப்பதுண்டு, மெழுகு பூச முன் அதைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.