டீச்சரிடம் கேளுங்கள்: பந்தல் போட வரும் பிள்ளைகள் செபத்துக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி: கடலோரப் பங்கு ஒன்றில் நான் இளைஞர் இயக்கச் செயலாளர். கொடியேற்றம் முதல் சப்பரம் வரை பத்து நாளும் அறுபது பேர் தூங்காமல் வேலை செய்கிறோம். ஆனால் மாதக் கூட்டத்தில் செபம் என்றால் பத்துப் பேர்தான். மற்றவர்கள் கெபி (மாதா குகை) பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, செபம் முடிந்ததும் உள்ளே வருகிறார்கள். பங்குச் சாமியாரும் திட்டிப் பார்த்துவிட்டார். என்ன செய்யலாம் டீச்சர்?
*— இளைஞர் இயக்கச் செயலாளர், தூத்துக்குடி மாவட்டம்*

தம்பி, முதலில் அந்தப் பிள்ளைகளைத் திட்டுவது நிற்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வேப்பமரத்தில் ஏறி சீரியல் லைட் கட்டுகிறவனுக்குக் கோயில் மேல் பாசம் இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. திருவிழாவில் ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலை உண்டு. ஒருவன் ஜெனரேட்டர் பார்க்கிறான், ஒருவன் அசன விருந்துக்கு அண்டா தூக்குகிறான், ஒருவன் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிறான். அவன் இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது, அது அவனுக்கும் தெரியும். மாதக் கூட்டத்தில் செபம் எப்படி நடக்கிறது? ஒருவர் மைக்கைப் பிடித்து இருபது நிமிடம் செபிக்கிறார், மற்றவர்கள் கைகட்டி நிற்கிறார்கள். அவன் வந்தாலும் வராவிட்டாலும் அது நடந்து முடியும். அப்புறம் அவன் ஏன் வர வேண்டும்?

செபத்தையும் அவன் கையில் கொடுங்கள். இது புதிய யோசனை இல்லை, நம் கடற்கரையிலேயே நடந்ததுதான். 1542இல் இயேசு சபைக் குருவான புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் உரோமையில் இருந்த தம் சபைத் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. கற்றுக்கொண்டதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறார். நோயாளிகளுக்காகச் செபிக்க வரச்சொல்லி ஊர் ஊராக ஆள் வந்தபோது, ஒற்றை ஆளால் முடியாமல், செபம் தெரிந்த சிறுவர்களை அந்த வீடுகளுக்கு அனுப்புகிறார். அவர்கள் போய் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் சேர்த்துவைத்து விசுவாசப் பிரமாணம் சொல்லிச் செபிக்கிறார்கள். நம் ஊர்களில் விசுவாசம் வேர் பிடித்ததில் அந்தச் சிறுவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மார்ச் 25 அன்று லொரெட்டோவில் கையெழுத்திட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' ஊக்கவுரையில் 203ஆம் எண்ணை எடுத்து வாசியுங்கள். இளையோர் பணியைச் செய்ய வேண்டியவர்கள் இளையோரே, அவர்களுக்கு உதவியும் வழிகாட்டலும் வேண்டும், ஆனால் புதிய வழிகளைத் துணிந்து தேட அவர்களைச் சுதந்திரமாக விட வேண்டும் என்பதே அதன் சாரம். அடுத்த முறை சாமியைப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

சரி, நடைமுறைக்கு வருவோம். மாதத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரம் என்பதை விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் வையுங்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் உங்கள் ஊருக்குப் பொருந்தும், மறுநாள் யாரும் கடலுக்குப் போவதில்லையே. மைக் வேண்டாம். மறுநாள் திருப்பலியில் வரும் நற்செய்தியை ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொருவர் அதையே மறுபடி வாசிக்கட்டும். ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. அதன்பிறகு மனதில் பட்ட ஒரு சொல்லையோ வரியையோ விரும்பியவர்கள் சொல்லலாம், விளக்கம் வேண்டாம். விளக்கம் என்று ஆரம்பித்தால் நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு பேர் கூட்டத்தை எடுத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் மறுபடி கெபிக்குப் போய்விடுவார்கள். கடைசியில் ஊரில் யாருக்காகச் செபிக்க வேண்டுமோ அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். யாருக்கு ஆபரேஷன், எந்த வீட்டில் சண்டை, யாருக்கு வேலை போய்விட்டது என்பதெல்லாம் இந்தப் பையன்களுக்குத்தான் முதலில் தெரியும். ஒரு கர்த்தர் கற்பித்த செபம், முடிந்தது. எட்டரைக்கு முடிப்பதாகச் சொன்னால் எட்டரைக்கு முடியுங்கள். முதல் வாசகத்தைக் கெபி பக்கம் நிற்கிறவர்களில் ஒருவனிடம் கொடுங்கள். முந்தின நாளே கொடுத்துவிடுங்கள், அங்கே வந்து தடுமாறவிடாதீர்கள்.

அடுத்தது நோயாளிகள் சந்திப்பு. ஒவ்வொரு அன்பியத்திலும் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் யார் என்று கேட்டு, இரண்டிரண்டு பேராகப் போய் செபமாலையில் ஒரே ஒரு பத்து மணி சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் பங்கில் லோடு ஆட்டோ ஓட்டும் ஒரு பையன் இப்படித்தான் ஒரு பாட்டி வீட்டுக்குப் போக ஆரம்பித்தான். அவர் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று மரியாவை வாழ்த்தும் செபத்தைப் பழைய தமிழில் சொல்வார், இவன் புதிய தமிழில் பதில் சொல்வான். ஒரு வாரம் அவன் போகவில்லை என்றால் பாட்டி ஆள் அனுப்பிவிடுவார். அந்தப் பையனைச் செபத்துக்கு வா என்று அதன்பிறகு யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அறுபது பேரும் வருவார்களா? வரமாட்டார்கள். இருபது பேர் வந்து, அந்த இருபது பேரும் செபத்தை நடத்தத் தெரிந்தவர்களாக இருந்தால் உங்கள் பங்கு பாக்கியம் செய்த பங்கு.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். இரவு செபமாலை என்றால் போனோடு அறைக்குள் போய்விடுகிறான். போனைப் பிடுங்கி வைத்தால் முறைக்கிறான். அவன் அப்பா கடையிலிருந்து வர ஒன்பது மணி ஆகிவிடும், வந்ததும் டிவி பார்ப்பார். நானும் மகளும் மட்டும்தான் செபிக்கிறோம். கட்டாயப்படுத்தலாமா?
*— ஒரு தாய், நாகர்கோவில்*

சகோதரி, மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நான் அவன் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். செபமாலை என்பது அம்மாவும் தங்கையும் செய்கிற வேலை என்று உங்கள் மகன் கண்ணால் பார்த்துப் படித்திருக்கிறான். பதினேழு வயதில் தான் ஆண்பிள்ளை என்று காட்ட நினைக்கிறவன் அப்பா செய்வதைத்தான் செய்வான். அதனால் செபத்தை ஒன்பதே காலுக்கு மாற்றுங்கள். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தினம் ஒரு பத்து மணி போதும், நான்கு பேரும் உட்கார வேண்டும். உங்கள் கணவரிடம் இதைச் சண்டையாகக் கேட்காமல் உதவியாகக் கேளுங்கள். "பையனுக்காகப் பத்து நிமிடம் உட்காருங்க" என்று சொன்னால் போதும்.

மகனைத் தொடங்கிவைக்கச் சொல்லுங்கள், இன்று யாருக்காகச் செபிக்கலாம் என்று அவனிடம் கேளுங்கள். அவன் நண்பனின் பைக் விபத்தைச் சொன்னால், அதற்காகவே செபியுங்கள். அந்த நேரத்தில் மதிப்பெண் பேச்சு வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் செபத்திலிருந்து ஓடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். "ஆண்டவரே, இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று அவன் காதுபடச் செபிக்கும் வீட்டில் எந்தப் பையன் உட்காருவான்?

2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ் பற்றி அவனுக்குத் தெரிந்திருக்கும். 1991இல் பிறந்து, 2006இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்த இத்தாலியப் பையன். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து ஓர் இணையதளமே செய்தவன். அவனுடைய அம்மா பக்தியான வீட்டுச் சூழலில் வளர்ந்தவர் இல்லை. மகன்தான் தன்னைக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் அப்பாவை உட்காரவைப்பது மகனாக இருக்கலாம். எந்த வழியாக வந்தாலும் வரட்டும்.

கேள்வி: சென்னையில் ஐடி கம்பெனியில் வேலை. ஊரில் இருந்தபோது பாடகர் குழுவில் இருந்தேன். இங்கே செபிக்க உட்கார்ந்தால் ஆபீஸ் ஞாபகம் மட்டும்தான் வருகிறது. ஞாயிறு எழுந்திருக்கவே முடியவில்லை. விசுவாசம் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.
*— ஒரு வாசகி, பெருங்குடி*

போயிருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது அம்மா. செபத்தில் மனம் ஓடுவது எல்லாருக்கும் உள்ளது. செபத்தைப் பற்றி உலகத்துக்கே எழுதிக்கொடுத்த அவிலா தெரசம்மாள், பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் கையில் புத்தகம் இல்லாமல் தம்மால் தியானிக்கவே முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். குழந்தை இயேசுவின் தெரசா செபத்தில் தூங்கியே விடுவாராம். இரண்டு பேரும் மறைவல்லுநர்கள், அதாவது திருச்சபை தன் பெரிய ஆசிரியர்களாக ஏற்றுக்கொண்டவர்கள்!

உன் மனம் ஆபீசுக்கு ஓடுகிறதென்றால், செபத்தையும் அங்கேயே கொண்டுபோ. புனித இஞ்ஞாசியார் சொல்லித்தந்த ஆன்ம சோதனை முறை உனக்குப் பொருந்தும். வேலை முடிந்து பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் தொடங்கு. இன்று கிடைத்த நல்லதுக்கு நன்றி. நாளைச் சரியாகப் பார்க்கும் வெளிச்சம் கேள். காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகப் பார்: டீம் லீடர் சொன்ன சொல், நீ திருப்பிச் சொன்னது, மதியம் கூடச் சாப்பிட்டவளின் முகவாட்டம். தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று ஒரு தீர்மானம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சொல்ல ஒன்றுமே வராத நாளில் திருப்பாடல் 13ஐத் திற. இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று ஆண்டவரிடம் நேரடியாகவே கேட்கிற பாடல் அது. கோபமாக இருந்தாலும் அதுவும் செபம்தான்.

ஞாயிறு காலை முடியாவிட்டால் சனிக்கிழமை மாலைத் திருப்பலி கடமையை நிறைவேற்றும். உன் பக்கத்துக் கோயிலில் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள். அங்கே பாடகர் குழுவில் போய் நில். குரல் இருக்கிறவளைக் கோயில் விடாது.

கேள்வி: மாதத்தின் முதல் வெள்ளி நற்கருணை ஆராதனையில் இளைஞர்கள் கிட்டார், கீபோர்டு, டிரம் பேட் எல்லாம் வைத்து ஒரு மணி நேரமும் பாடுகிறார்கள். எங்களால் செபிக்க முடியவில்லை. கேட்டால், "அப்பத்தான் யூத் வருவாங்க" என்கிறார்கள்.
*— பங்குப் பேரவை உறுப்பினர், திருச்சி*

ஐயா, கிட்டார் இருக்கட்டும். மௌனத்துக்கு இடமே இல்லை என்பதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது. நற்கருணை முன் பாடலும் வேண்டும், இறைவார்த்தையும் வேண்டும், பேசாமல் இருப்பதும் வேண்டும். சத்தம் இருந்தால்தான் இளைஞர்கள் வருவார்கள் என்பது உண்மையில்லை. பிரான்சில் தெசே என்ற சின்னக் கிராமத்தில் 1940இல் சகோதரர் ரோஜர் தொடங்கிய குழுமத்துக்குக் கோடையில் வாரந்தோறும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் போகிறார்கள். அங்கே ஒரு நாளைக்கு மூன்று வேளை செபம். திரும்பத் திரும்பப் பாடும் இரண்டு வரிப் பாடல்கள், நடுவில் நீண்ட மௌனம். மறையுரைகூட இல்லை.

உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்: தொடக்கத்திலும் முடிவிலும் உங்கள் விருப்பப்படி பாடுங்கள், நடுவில் பதினைந்து நிமிடம் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிடுங்கள் என்று. அந்தப் பதினைந்து நிமிடமும் நீங்களும் அவர்களோடு முழங்காலில் இருங்கள். கடைசி பெஞ்சில் கணக்குப் புத்தகம் பார்க்கும் பேரவை உறுப்பினர் மௌனம் கேட்க முடியாது. உங்களைச் சொல்லவில்லை ஐயா, பொதுவாகச் சொல்கிறேன்.

கேள்வி: ஒவ்வொரு முறை சாமி மாறும்போதும் எங்கள் இளைஞர் குழு கலைந்துவிடுகிறது. வருகிறவர் புதுப் பெயரில் புதிதாக ஆரம்பிக்கிறார். இப்போதும் மாற்றல் வரப்போகிறது.
*— ஓர் இளம்பெண், திண்டுக்கல்*

மரியாயின் சேனையைப் பார் மகளே. 1921 செப்டம்பர் 7 அன்று டப்ளினில் பிராங்க் டஃப் என்ற பொதுநிலையினர் (குருவல்லாதவர்), ஓர் அரசு ஊழியர், தொடங்கிய செப, பணி இயக்கம் அது. வாரக் கூட்டம், மாதா சுருபத்தின் இருபுறமும் மெழுகுவர்த்தியும் பூச்சாடியும், ஒரே செபங்கள், போன வாரக் குறிப்பு, செய்த பணியின் அறிக்கை. யார் ஆன்ம இயக்குநராக வந்தாலும் இது மாறாது. அதனால்தான் நூறு ஆண்டு தாண்டியும் சின்னப் பங்குகளில்கூட நடக்கிறது. குருவானவரின் துணை கட்டாயம் வேண்டும். ஆனால் குழுவின் செபம் அவர் வந்துதான் தொடங்க வேண்டும் என்று இருக்கக்கூடாது.

ஒரு நோட்டு வாங்குங்கள். இந்த வாரம் யார் வாசித்தது, யாருக்காகச் செபித்தது, எந்த நோயாளியைப் பார்த்தது, அடுத்த வாரம் யார் பொறுப்பு என்று எழுதி வாருங்கள். கூடும் அறைக்கு இரண்டு சாவி இருக்கட்டும், ஒன்று உன்னிடம், ஒன்று உனக்கு அடுத்து வரப்போகிறவளிடம். புதிய சாமி பொறுப்பேற்ற முதல் வாரமே நான்கைந்து பேராகப் போய் அந்த நோட்டைக் காட்டி, "சாமி, சனிக்கிழமை எட்டு மணிக்கு செபம் இருக்கு, நீங்களும் வாங்க" என்று கூப்பிடுங்கள்.