இரும்புக்கு ஒரு இழுபறி

கேள்வி: உலோகங்களைப் பிணைக்கும் வேதிப்பொருளான ஈ.டி.டி.ஏ., பாக்டீரியாவின் வளர்ச்சியை எவ்வாறு தடுக்கிறது?

பதில்: பெரும்பாலும் பட்டினி போட்டுத்தான். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவை சிறிதளவேனும் கிடைக்காவிட்டால் பெரும்பாலான பாக்டீரியாக்களின் நொதிகள் பல இயங்குவதில்லை, ஈ.டி.டி.ஏ. அவற்றை நண்டுக் கொடுக்கைப் போலக் கவ்விக்கொள்கிறது (இவ்வகைப் பிணைப்புக்குக் கொடுக்கிணைப்பு என்ற பெயரே அதனால் வந்ததுதான்). அத்துடன், கிராம் நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்களின் (வெளிப்புறம் கூடுதலாக ஒரு சவ்வு கொண்டவை) வெளிச்சவ்வை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியம், மக்னீசியம் அயனிகளையும் அது பறித்துவிடுவதால், சவ்வு தளர்ந்து, பிற கிருமிக்கொல்லிகள் எளிதில் உட்புகுகின்றன. இதையே அதன் பெரும்பயன் என்று கருதுகிறேன்.

ஆனால் பாக்டீரியாவும் எளிதில் தோற்பதில்லை. ஈ.கோலை பாக்டீரியா சுரக்கும் என்டரோபாக்டின் என்ற இரும்பு பற்றும் மூலக்கூறு, ஃபெரிக் இரும்பை (மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட இரும்பு அயனியை) ஈ.டி.டி.ஏ.வைவிடப் பன்மடங்கு உறுதியாகப் பற்றி மீட்டுக்கொள்ளக்கூடியது. உண்ணிக்கடியால் பரவும் லைம் நோய்க்குக் காரணமான பொரேலியா பாக்டீரியாவோ, இரும்பை நாடாமல் மாங்கனீசைக் கொண்டே வாழ்கிறது.