குட்டிக்கு ஊசி போடும் முன் எடை போடுங்கள்

கால்நடை கேள்வி – பதில்
பதில் அளிப்பவர்: வேலூர் மாவட்டத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெண் கால்நடை மருத்துவர்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். ஆறு பெட்டை ஆடும் ஒன்பது குட்டியும் வைத்திருக்கிறேன். குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆகிறது. முதலில் காது ஓரத்தில் தவிடு ஒட்டினது மாதிரி இருந்தது. இப்போது காது தடித்துப்போய், கண்ணைச் சுற்றி முடி கொட்டி, மூக்கு வரைக்கும் பொருக்கு கட்டிவிட்டது. ராத்திரி முழுக்கக் கொட்டாய்க் கம்பத்தில் உரசிக்கொண்டே இருக்கின்றன. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று மெக்கானிக் கடையில் கழிவு ஆயில் வாங்கித் தடவினேன், கேட்கவில்லை. ஊரில் ஊசி போடுகிற ஒருவர் குட்டிக்கு 1 மில்லி வீதம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார். என் வீட்டுக்காரர், நெல்லுக்கு அடித்த மருந்து மீதி இருக்கிறது, தண்ணீரில் கலந்து ஊற்றிவிடலாம் என்கிறார். எதைச் செய்வது?
– வாசகி, அணைக்கட்டு

பதில்: அந்த நெல் மருந்து பாட்டிலை முதலில் எடுத்துப் பிள்ளைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். பயிருக்கு அடிக்கிற மருந்தில் பல வகை தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். சொறி பிடித்து வெடித்த தோல் என்றால் இன்னும் வேகமாக இறங்கும். போதாததற்குக் குட்டி தன்னையும் நக்கும், தாயையும் நக்கும். வாயில் எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, மூச்சு இழுத்து, சில மணி நேரத்தில் குட்டி போய்விடும். சொறி ஒரு குட்டியைக் கொல்ல வாரக்கணக்கில் ஆகும். அந்த மருந்துக்கு ஒரு பகல் போதும். யாராவது ஏற்கெனவே ஊற்றிவிட்டிருந்தால், சோப்புத் தண்ணீரில் முழுக்கக் கழுவிவிட்டு உடனே 1962க்கு போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கையில் உறை மாட்டிக்கொண்டு கழுவுங்கள். இப்படிப்பட்ட விஷங்களில் சில வகைக்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் நேரத்தோடு போட்டால்தான் பிழைக்கும்.

கழிவு ஆயிலும் வேண்டாம். அதில் ஈயம் முதலான உலோகங்கள் கலந்திருக்கும். மெல்லிய தோலைப் புண்ணாக்கும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். வெயில் ஏறின பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் சாதாரண குளியல் சோப்பு போட்டு ஆயிலைக் கழுவி, சாக்கால் ஈரம் போகத் துடைத்து, காற்று வீசாத இடத்தில் காய விடுங்கள்.

சரி, இனி நோய்க்கு வருவோம். காது ஓரத்தில் தொடங்கி முகத்துக்கு இறங்குவது, ராத்திரியில் அரிப்பு கூடுவது, தோல் தடித்து மடிப்பு விழுவது எல்லாமே சொறிப்பூச்சியைக் காட்டுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி தோலுக்குள் வளை போட்டு அதிலேயே முட்டை வைக்கும். மேலே எதைத் தடவினாலும் முழுசாகக் கேட்காததற்கு அதுதான் காரணம். ஆனாலும் எழுத்தை வைத்து நான் ஊகிப்பது ஒன்று, கண்ணால் பார்ப்பது ஒன்று. ஒரு குட்டியை அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய், தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிளேடில் ஒரு சொட்டு பாரஃபின் எண்ணெய் தொட்டு, புண்ணின் நடுவில் இல்லாமல், நல்ல தோலும் கெட்ட தோலும் சேருகிற ஓரத்தில் லேசாக ரத்தம் துளிர்க்கும் வரை சுரண்டுவோம். நடுவில் காய்ந்த பொருக்குதான் இருக்கும், பூச்சி ஓரத்தில்தான் வேலை செய்துகொண்டிருக்கும். சுரண்டியதைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், எட்டுக் குட்டைக் கால்களோடு உருண்டையாக நகர்வது தெரியும். நம் ஆள்களையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டவர்கள் மறுபடி கழிவு ஆயில் வாங்கப் போக மாட்டார்கள். அங்கே வசதி இல்லை என்றால், மேல்மொணவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே போய் விசாரிக்கலாம்.

பூச்சி உறுதியானால் ஐவர்மெக்டின் ஊசிதான் மருந்து. உங்கள் ஊர்க்காரர் சொல்கிற ஊசியும் அதுவாகத்தான் இருக்கும். அவர் சொல்லும் அளவுதான் எனக்குக் கவலை. கடையில் கிடைக்கும் 1 சதவீத மருந்தில் 1 மில்லிக்குள் 10 மில்லிகிராம் இருக்கும். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். அதாவது 1 மில்லி என்பது 50 கிலோ உடம்புக்கான மருந்து. உங்கள் குட்டி 8 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அதற்கு வேண்டியது 0.16 மில்லி. 1 மில்லி போட்டால் ஆறு மடங்கு! சோர்ந்து, தள்ளாடி, எச்சில் விட்டுக்கொண்டு படுத்துவிடும் ஆபத்து இருக்கிறது. ‘குட்டிக்கு இவ்வளவு, பெரிய ஆட்டுக்கு இவ்வளவு’ என்று கண்ணளவில் ஊசி போடுவதை நான் எங்கே பார்த்தாலும் தடுத்திருக்கிறேன். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்று 6 கிலோவும் மற்றது 9 கிலோவும் இருக்கும். அளவு எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

எடை பார்ப்பது சிரமமில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். மெஷின் இல்லையா, பழைய பேப்பர் கடையில் கொக்கித் தராசு இருக்கும். குட்டியைக் கோணியில் உட்கார வைத்து, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி கட்டித் தொங்கவிட்டால் ஆயிற்று. எடையை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் மருத்துவர் அளவைச் சொல்லிவிடுவார். வெள்ளாட்டுக்கு அவர் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதும் உண்டு, அதை அவரே முடிவு செய்யட்டும். 1 மில்லி சிரிஞ்சில், 0.01 வரை கோடு போட்டது கேளுங்கள். இது தோலுக்கு அடியில் போடுகிற ஊசி. எரியும், குட்டி கத்தும், பயப்பட வேண்டாம். ஆறு வாரம் ஆகாத குட்டிக்கு மருத்துவர் பார்க்காமல் போடவே கூடாது. போட்ட ஆட்டை, பாட்டிலில் குறித்திருக்கும் நாள் கணக்கு முடியும் வரை கறிக்கு விற்காதீர்கள்.

ஒரு ஊசியோடு நிறுத்திவிடுவதுதான் நம் பக்கம் பெரிய குறை. முட்டையை அந்த மருந்து கொல்லாது. பொரித்து வருவதைப் பிடிக்க 14 நாள் கழித்து இரண்டாவது ஊசி கட்டாயம். தோல் ரொம்பத் தடித்திருந்தால் மூன்றாவதும் வேண்டியிருக்கும். அப்புறம், சொறி தெரிகிற குட்டிகளுக்கு மட்டும் போட்டால் பிரயோசனமில்லை. தாய்கள், நன்றாக இருக்கிற குட்டிகள், கிடா எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். தாய் மடியில் படுத்துத்தானே குட்டிக்கு ஒட்டியது?

வீட்டிலிருந்து நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. 100 மில்லி வேப்பெண்ணெய் அல்லது புங்கன் எண்ணெயில் 10 கிராம் கந்தகப் பொடி கலந்து, பொருக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் தடவுங்கள். கண்ணுக்குள் படக் கூடாது. ஒரே நாளில் உடம்பு முழுக்கப் பூசவும் கூடாது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். ஊசிக்கு இது துணைதான். உரசுகிற கம்பத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, கீழே கிடக்கும் பழைய தழை, சருகு எல்லாவற்றையும் கூட்டி எரித்துவிடுங்கள். குட்டியைத் தூக்கிக் கொஞ்சுகிற பிள்ளைகளுக்கும் கையில், வயிற்றில் அரிப்பு வரலாம். ஆடு குணமாகும் வரை தூக்காமல் இருப்பது நல்லது.

ஒடுகத்தூர் சந்தையில் குட்டியை நிறுத்தினால் வியாபாரியின் கை முதலில் போகிற இடங்களில் காதும் ஒன்று. ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் மண்டிகளிலும் சொறி பட்ட தோலுக்கு மதிப்பு கிடையாது. ஆறு ஆட்டை வைத்துக் குடும்பம் நடத்துகிற உங்களுக்கு அந்த நஷ்டம் பெரிது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

கேள்வி: இரண்டு மாதக் குட்டிகளுக்கு உதடு முழுக்க முண்டு முண்டாகக் கறுத்த பொருக்கு. பால் குடிக்கவில்லை. தாயின் காம்பிலும் புண். பொருக்கை உரித்து மஞ்சள் வைத்தேன், ரத்தம் வருகிறது. இப்போது என் ஆள்காட்டி விரலிலும் ஒரு கொப்புளம். சொறி ஊசி போடலாமா?
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: வேண்டாம் தம்பி, இது பூச்சி இல்லை. நீங்கள் சொல்வது ஆர்ஃப் என்கிற தொற்று வாய்ப்புண். அம்மை இனத்து வைரஸால் வருவது. குட்டியின் உதட்டிலிருந்து தாய் காம்புக்கு, காம்பிலிருந்து அடுத்த குட்டிக்கு, பொருக்கை உரித்த உங்கள் விரலுக்கு என்று அது நடந்த பாதை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஐவர்மெக்டின் இதைத் தொடாது.

பொருக்கை இனி உரிக்காதீர்கள். அது தானாக உதிர வேண்டும். உதிர்ந்ததைக் கொட்டாயில் விடாமல் பொறுக்கி எரியுங்கள், காய்ந்த பொருக்கில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளம் ரோஜா நிறத்தில் கரைத்து, பஞ்சால் ஒற்றி எடுத்து, போரோகிளிசரின் தடவுங்கள். தாய் காம்புக்கும் அப்படியே. ஒவ்வொரு குட்டிக்கும் புதுப் பஞ்சு.

உண்மையில் இந்தப் புண்ணை விடப் பட்டினிதான் குட்டியைக் கொண்டுபோகும். வாய் எரிவதால் குட்டி காம்பைப் பிடிக்காது, காம்பு எரிவதால் தாய் உதைக்கும். பாலைக் கறந்து, இளஞ்சூட்டில், பால்புட்டியிலோ ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சிலோ வாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தலையை ரொம்ப அண்ணாந்து பிடித்தால் நுரையீரலுக்குப் போய்விடும். மேயத் தொடங்கிய குட்டிக்கு ஆறின கேழ்வரகுக் கூழ், அகத்தித் தளிர். முள் குத்துகிற வேலந்தழையை இந்த நாள்களில் போடாதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் ஆறிவிடும். புண்ணில் சீழ் வைத்தாலோ ஈ முட்டை வைத்தாலோ மட்டும் ஆன்டிபயாடிக் தேவைப்படும், அதை மருத்துவர் சொல்லட்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். காய்ச்சலோடு வால் அடியிலும் தொடை உள்பக்கத்திலும் முடி இல்லாத இடங்களில் கடினமான கொப்புளம் வந்தால் அது ஆட்டம்மை. வாய்க்குள் புண்ணோடு கழிச்சலும் மூக்குச் சளியும் இருந்தால் ஆட்டுக்கொல்லி. இரண்டும் குட்டிகளைக் கூட்டமாக அடிக்கும். அப்படி இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் தகவல் சொல்லுங்கள். இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் நம் ராணிப்பேட்டையிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் ஊசி போடாததால் குட்டி செத்தது என்று கேட்கும்போது மனம் பொறுப்பதில்லை.

விரலைச் சோப்பு போட்டுக் கழுவி, துணி சுற்றி மூடி வையுங்கள், குத்தி உடைக்க வேண்டாம். உங்கள் டாக்டரிடம் காட்டி, ‘ஆட்டு வாய்ப்புண்ணைத் தொட்டேன்’ என்று மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவருக்கு விளங்கும்.

கேள்வி: ஒரு மாதக் குட்டிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து சாகின்றன. முடிக்குள் சின்னதாகக் கறுப்புப் பூச்சி குதிக்கிறது. மண்ணெண்ணெய் தடவலாமா?
– வாசகி, கே.வி.குப்பம்

பதில்: தடவாதீர்கள், தோல் வெந்துவிடும். அது தெள்ளுப்பூச்சி. குட்டியின் கீழ் இமையை இறக்கிப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் ரத்தம் உறிஞ்சப்பட்டுவிட்டது, மருத்துவர் இரும்புச்சத்து கொடுக்க வேண்டும். நீங்கள் குட்டியில் பார்ப்பது கொஞ்சம்தான், மீதி முட்டையும் புழுவுமாகத் தரை மண்ணில் இருக்கிறது. ஆடுகளை வெளியே கட்டிவிட்டு, மேல் மண்ணை ஒரு சாண் அளவுக்கு வெட்டி எடுத்துக் கொட்டாய்க்கு வெகு தூரத்தில் கொட்டுங்கள். தரையில் சுண்ணாம்புத் தூள் தூவி, இரண்டு நாள் வெயில் படவிட்டு, புது மண் போட்டு இடித்த பிறகு ஆடுகளை விடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி சுண்ணாம்பு. இவ்வளவு சின்னக் குட்டிக்கு மருந்துக் குளியல் வேண்டாம், பேன் சீப்பால் வாரி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். தாய்க்கு என்ன மருந்து என்று மருந்தகத்தில் கேட்டுப் போடுங்கள். நாய் அங்கேயே படுக்கிறது என்றால் அதற்கும் சேர்த்து.

கேள்வி: மலை ஓரம் மேய்க்கிறேன். வெள்ளைக் காது உள்ள குட்டிகளுக்கு மட்டும் காது வீங்கி, தோல் வெந்தது போல உரிகிறது. கறுப்புக் குட்டிகளுக்கு ஒன்றுமில்லை. என்ன நோய்?
– வாசகர், அமிர்தி

பதில்: குட்டிகள் உண்ணிச்செடியைத் தின்றிருக்கின்றனவா என்று பாருங்கள். மழை இல்லாத மாதங்களில் வேறு பச்சை கிடைக்காதபோது அதை மேய்ந்துவிடும். அந்த விஷம் ஈரலைக் கெடுக்கிறது. கெட்ட ஈரல் வெளியேற்றாமல் விடுகிற பொருள் தோலுக்கு வந்து, வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடுகிறது. கறுப்புத் தோலுக்கு நிறமே காப்பு, அதனால் தப்பிக்கிறது. கண் வெள்ளை மஞ்சளாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்றைக்கே குட்டிகளை இருட்டான நிழலில் கட்டுங்கள், பகலில் வெளியே விடவே கூடாது. உண்ணிச்செடி இல்லாத தழையும் நிறையத் தண்ணீரும் கொடுங்கள். உரிந்த இடத்தில் ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவுங்கள். ஈரலுக்கான மருந்தை மருத்துவர்தான் தர வேண்டும், நாளை காலையிலேயே காட்டிவிடுங்கள்.